நூலை விற்றுக் கயிறு வாங்கிய கதை: கூட்டாளி நாடுகள் எப்படிப் பேரம் பேசுகின்றன?

2025 ஜூலை 22 அன்று வெள்ளை மாளிகையில் எடுத்த ஒரு புகைப்படம் இணையத்தில் வந்தது. அதிபர் டிரம்ப் தன் மேசையில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஜப்பானிய அமைச்சர் அகஸவா ரியோசெய். மேசைமேல் ஒரு அட்டை. ஜப்பான் அமெரிக்காவில் முதலீடு செய்ய வேண்டிய தொகை அதில் 400 பில்லியன் டாலர் என்று அச்சாகியிருக்கிறது. அந்த 400ஐ அடித்துவிட்டுக் கையால் 500 என்று எழுதியிருக்கிறார்கள். கடைசியில் அறிவித்த தொகை 550 பில்லியன், நம் கணக்கில் 55,000 கோடி டாலர்.

நம் ஊர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. இங்கே அந்தத் துண்டும் இல்லை.

பேரம் பேசிய இருவரும் எதிரிகள் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஜப்பானும் அமெரிக்காவும் எழுதிக் கையெழுத்திட்ட ராணுவக் கூட்டாளிகள். ஒருவன் வீட்டுக்கு மற்றவன் காவல் நிற்கும் அளவுக்கு நெருக்கம். அப்படிப்பட்டவர்கள் ஏன் இப்படிப் பேரம் பேச வேண்டும்? பாதுகாப்புக்கும் கார் வரிக்கும் என்ன சம்பந்தம்? 'இரு தலைவர்களும் பாதுகாப்பு, வர்த்தகம் உள்ளிட்ட விஷயங்கள் குறித்து விரிவாக ஆலோசித்தனர்' என்று செய்தித்தாளில் வாரம் ஒரு முறையாவது வரும் அந்த ஒற்றை வரிக்குள் என்னதான் நடக்கிறது? ஜப்பான்–அமெரிக்கா உறவை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

முதலில், கூட்டாளி என்றால் யார்?

நட்பு நாடு என்பது ஒன்று, கூட்டாளி நாடு என்பது வேறு. இந்தியாவும் அமெரிக்காவும் நெருக்கமாகத்தான் இருக்கின்றன. சேர்ந்து கடற்படைப் பயிற்சி செய்கின்றன, 2018 முதல் இரு நாட்டு வெளியுறவு, பாதுகாப்பு அமைச்சர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். ஆனால் 'உன்மீது எவனாவது கை வைத்தால் நான் வருவேன்' என்று இரண்டு நாடுகளும் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்ததில்லை. அப்படி எழுதிக் கொடுப்பதுதான் கூட்டணி.

ஜப்பானும் அமெரிக்காவும் 1960 ஜனவரி 19 அன்று வாஷிங்டனில் அதைச் செய்தன. அது 1951இல் போட்ட பழைய ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதியது. சின்ன ஆவணம்தான், மொத்தம் பத்துப் பிரிவுகள். 5ஆவது பிரிவின்படி, ஜப்பானின் நிர்வாகத்தில் இருக்கும் பகுதிகளில் இரண்டில் ஒருவர் தாக்கப்பட்டால், அந்தப் பொது ஆபத்தை இருவரும் சேர்ந்து எதிர்கொள்வார்கள். பதிலுக்கு, ஜப்பான் மண்ணில் அமெரிக்கப் படைகள் தளம் வைத்துக்கொள்ளலாம் என்கிறது 6ஆவது பிரிவு. அதாவது, நான் காவல் தருகிறேன், நீ இடம் தா. (இந்த ஒப்பந்தத்தை எதிர்த்து டோக்கியோவில் லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் வருகையே ரத்தானது. ஒப்பந்தம் போட்ட பிரதமர் கிஷி நொபுசுகே பதவி விலகினார். அவருடைய தம்பி கொஞ்ச நேரத்தில் வருவார்.)

பலர் கவனிக்காமல் தாண்டிப் போவது 2ஆவது பிரிவை. இரு நாடுகளும் தங்கள் சர்வதேசப் பொருளாதாரக் கொள்கைகளில் உள்ள மோதல்களைக் களைய முயலும், பொருளாதார ஒத்துழைப்பை ஊக்குவிக்கும் என்று அது சொல்கிறது. ஒரு பாதுகாப்பு ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவிலேயே வியாபாரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'பாதுகாப்பு வேறு, வர்த்தகம் வேறு, இரண்டையும் கலக்காதீர்கள்' என்று ஜப்பானிய அமைச்சர்கள் பல வருஷமாகச் சொல்லி வருகிறார்கள். கலந்தே பிறந்தது என்பதுதான் உண்மை.

யார் யார் உட்காருவார்கள்?

தலைவர்கள் கை குலுக்கும் படம் கடைசிக் காட்சி. அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அதிகாரிகள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஒரு தரப்பு வரைவு எழுதி அனுப்பும், மறு தரப்பு அடித்துத் திருத்தி அனுப்பும். ஒத்துவராத சொற்களை அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பது வழக்கம். கூட்டம் நெருங்க நெருங்க அடைப்புக்குறிகள் குறையும். மிச்சமிருக்கும் நாலைந்தைத்தான் அமைச்சர்கள் பேசித் தீர்ப்பார்கள். அவர்களாலும் முடியாத ஒன்றிரண்டு தலைவர்களிடம் போகும்.

பாதுகாப்புக்கென்று 'டூ பிளஸ் டூ' கூட்டம் இருக்கிறது. இரு பக்கமும் வெளியுறவு அமைச்சர், பாதுகாப்பு அமைச்சர் என நான்கு பேர். 1960 ஒப்பந்தத்தோடு தொடங்கிய குழு இது. வெகு காலம் ஜப்பான் பக்கம் அமைச்சர்கள் உட்கார, அமெரிக்கா பக்கம் தூதரும் பசிபிக் படைத் தளபதியும்தான் வந்தார்கள். 1990இல்தான் அமெரிக்காவும் அமைச்சர்களை அனுப்புவதாக ஒப்புக்கொண்டது. எதிரில் யார் உட்காருகிறார் என்பதே ஒரு செய்தி. 2022இல் பொருளாதாரத்துக்கும் இதேபோல ஒரு டூ பிளஸ் டூ தொடங்கினார்கள். வெளியுறவு அமைச்சர்களோடு வர்த்தக, தொழில்துறை அமைச்சர்கள். சிப், கனிமம், எரிசக்தி எல்லாம் இப்போது பாதுகாப்புக் கணக்கில் வந்துவிட்டதால், தனித்தனி அறையில் பேசுவது கஷ்டமாகிவிட்டது.

அப்புறம், கூட்டத்தின் முடிவில் வரும் காகிதத்தைக் கவனிக்க வேண்டும். கூட்டறிக்கை என்றால் இருவரும் ஒப்புக்கொண்ட வாசகம். அதற்கு மானம் உண்டு, சட்டபலம் கிடையாது. புரிந்துணர்வு ஒப்பந்தம் அதைவிட ஒரு படி மேல், ஆனால் அதிலும் பெரும்பாலும் நழுவ இடம் இருக்கும். நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டிய முழு ஒப்பந்தத்துக்குத்தான் பல் இருக்கிறது. இரு தரப்பும் தனித்தனியாக அறிக்கை விட்டால், ஒரே வாசகத்துக்கு ஒத்துவரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பேச்சு 'வெளிப்படையாக' நடந்தது என்று அறிக்கை சொன்னால், உள்ளே நல்ல சண்டை என்று தூதரக வட்டாரத்தில் அர்த்தம்.

துணியும் தீவும்

இனி கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1945இல், அமெரிக்கா ஒகினாவா தீவுகளைப் பிடித்தது. ஜப்பானின் மற்ற பகுதிகள் 1952இல் சுதந்திரம் பெற்றபோதும் ஒகினாவாவை விடவில்லை. அங்கே டாலர்தான் பணம். அமெரிக்க அணு ஆயுதங்கள்கூட அங்கே இருந்தன. ஒகினாவா திரும்பி வராதவரை போர் முடிந்ததாகச் சொல்ல முடியாது என்றார் 1964இல் பிரதமரான சாட்டோ எய்சாகு. கிஷியின் தம்பி இவர்தான். கிஷி தத்துப் போனதால் இருவருக்கும் குடும்பப் பெயர் வேறு.

அந்தப் பக்கம் ரிச்சர்ட் நிக்சன். 1968 தேர்தலில் அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்திருந்தார். வட கரோலினா, தென் கரோலினா பக்கமெல்லாம் துணி ஆலைகள். ஜப்பானிலிருந்து வரும் செயற்கை இழைத் துணியும் கம்பளித் துணியும் தங்களை நசுக்குகின்றன என்று ஆலைக்காரர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தால் அதைத் தடுப்பேன் என்று நிக்சன் சொல்லியிருந்தார், ஜெயித்துவிட்டார்.

ஆக, ஒருவருக்குத் தீவு வேண்டும், மற்றவருக்குத் துணி நிற்க வேண்டும். 1969 நவம்பர் 19 முதல் 21 வரை இருவரும் வாஷிங்டனில் பேசினார்கள். கடைசி நாள் வந்த கூட்டறிக்கையில், 1972க்குள் ஒகினாவா திரும்ப வரும் என்று இருந்தது. துணியைப் பற்றி அதில் எதையும் அறிவிக்கவில்லை.

அறிவிக்காததுதான் விஷயம். இரு தலைவர்களுக்கும் பின்னால் இரண்டு பேர் ரகசியமாகப் பேசி வந்தார்கள். நிக்சனுக்கு அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கர். சாட்டோவுக்கு வகாயிஸுமி கெய் என்ற பேராசிரியர். தொலைபேசியில் ஒருவர் பெயர் 'ஜோன்ஸ்', மற்றவர் 'யோஷிதா'. துணி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துவதாகச் சாட்டோ தரும் வாக்கு இந்த வழியாகத்தான் போனது. ஜப்பானிய வெளியுறவு அமைச்சகத்துக்குக்கூட இந்த வழி தெரியாது.

இதே வழியில் இன்னொரு காகிதமும் தயாரானது. ஒகினாவா திரும்பும்போது அங்கே அணு ஆயுதம் இருக்காது என்பது வெளியே சொன்னது. பெரிய நெருக்கடி வந்தால் மறுபடி கொண்டுவரலாம் என்பது உள்ளே எழுதியது. பேச்சு முடிகிற நேரத்தில், பக்கத்துச் சிறு அறையில் இருக்கும் கலைப்பொருள்களைக் காட்டுவதாக நிக்சன் சாட்டோவை அழைத்துப் போவார், அங்கே இருவர் மட்டும் கையெழுத்திடுவார்கள் என்று நாடகம்போல ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்களாம். வகாயிஸுமி 1994இல் வெளியிட்ட தன் நூலில் இதையெல்லாம் எழுதினார். ஜப்பான் அரசு நம்பாததுபோல இருந்தது. 2009 டிசம்பரில், இரு தலைவர்களின் கையெழுத்தோடு அந்தக் காகிதம் சாட்டோ குடும்பத்தாரிடம் இருப்பது செய்தியாக வந்தது. சாட்டோ பயன்படுத்திய மேசைக்குள் இருந்ததாம். இதற்கிடையே 1974இல், ஜப்பானுக்கு அணு ஆயுதம் வேண்டாம் என்ற கொள்கைக்காகவும் சேர்த்து, அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசும் கொடுத்தாகிவிட்டது. மாட்டுச் சந்தைத் துண்டு என்று முதலில் சொன்னேனே, இதுதான் அது.

தீவு வாக்கு காப்பாற்றப்பட்டது. துணி வாக்கு? சாட்டோ ஊர் திரும்பினார். ஆலை முதலாளிகள் கொதித்தார்கள். வர்த்தகத் துறை முட்டுக்கட்டை போட்டது. ரகசிய வாக்கு என்பதால், 'நான் கொடுத்துவிட்டேனப்பா, ஒத்துழையுங்கள்' என்று அமைச்சர்களிடம் சாட்டோவால் வெளியே சொல்லவும் முடியவில்லை. ஒரு வருஷம் போனது, இன்னொரு வருஷமும் போனது. ரகசிய வாக்கில் உள்ள பெரிய பிரச்சினை இதுதான். கொடுப்பவனுக்கு அதை நிறைவேற்ற ஆள் கிடைக்காது.

இங்கே ஒரு பழைய கதையையும் சொல்லியாக வேண்டும். நிக்சன் துணியைப் பற்றிக் கேட்டபோது சாட்டோ 'ஸென்ஷோ ஷிமாஸு' என்றாராம். 'பார்த்துச் செய்கிறேன்' என்ற மாதிரி அர்த்தம். நம் ஊரில் ஒருவர் 'பார்க்கலாம்' என்றால் எவ்வளவு நம்புவோமோ அவ்வளவுதான் இதையும் நம்பலாம். மொழிபெயர்ப்பாளர் அதை 'என்னால் முடிந்த அனைத்தையும் செய்வேன்' என்று ஆங்கிலத்தில் சொல்ல, நிக்சன் வாக்கு என்று எடுத்துக்கொண்டு ஏமாந்தார் என்பது கதை. கேட்க நன்றாக இருக்கிறது. அந்தச் சொல்லைத்தான் சொன்னாரா என்பதே சர்ச்சை. அதை விடுங்கள், கிஸ்ஸிங்கர் வழியில் நடந்ததைப் பார்த்தால், சாட்டோ மழுப்பவில்லை, நன்றாகத் தெரிந்தே வாக்குக் கொடுத்திருக்கிறார். பாவம், மொழிபெயர்ப்பாளர் தலையில் கட்டிவிட்டார்கள்.

நிக்சன் சும்மா இருக்கவில்லை. 1971 ஜூலை 15 அன்று, தான் சீனா போகப்போவதாக அறிவித்தார். இருபது வருஷம் அமெரிக்கா பேச்சைக் கேட்டுச் சீனாவோடு உறவு வைக்காமல் இருந்த ஜப்பானுக்கு, அறிவிப்புக்குச் சில நிமிடங்கள் முன்புதான் தகவல் போனது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 15 அன்று, டாலருக்குத் தங்கம் தரும் முறையை நிறுத்தி, இறக்குமதிக்கு 10 சதவீதக் கூடுதல் வரியும் போட்டார். ஜப்பான் சரணடைந்த நாளும் ஆகஸ்ட் 15தான். டோக்கியோவில் பலர் அதைத் தற்செயல் என்று லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

துணிக்கும் கெடு வைத்தார்கள். 1971 அக்டோபர் 15க்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால், 'எதிரிகளோடு வர்த்தகச் சட்டம்' என்ற முதல் உலகப்போர் காலத்துச் சட்டத்தை எடுத்துக் கட்டுப்பாடு போடுவோம் என்று மிரட்டல். கூட்டாளிமீது பாயப்போகும் சட்டத்தின் பெயரைப் பாருங்கள். அப்போது வர்த்தகத் துறை அமைச்சராக வந்திருந்தவர் தனாகா ககுவெய், கணக்குத் தெரிந்த அரசியல்வாதி. துணிக்காரர்களுக்கு நஷ்ட ஈடாகப் பெரும் தொகையை ஒதுக்கவைத்து, கெடு நாளன்றே கையெழுத்தை முடித்தார். நெசவாளர்களின் தறிகளை அரசே விலைக்கு வாங்கி உடைத்துப் போட்டது. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த யாருக்கும் அந்த ஒரு வரி போதும்.

அடுத்த மாதம் அமெரிக்க செனட் ஒகினாவா ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்தது. 1972 மே 15 அன்று தீவுகள் ஜப்பானிடம் வந்தன. ஒகினாவா என்ற பெயரில் 'நாவா' என்று வரும் எழுத்துக்கு ஜப்பானிய மொழியில் கயிறு என்று பொருள். 'நூலை விற்றுக் கயிறு வாங்கினார்' என்று சாட்டோவை ஜப்பானியர்கள் கிண்டலடித்தார்கள். தமிழில் கயிறு திரிப்பது என்றால் வேறு அர்த்தம். இந்தக் கதையில் அதுவும் சேர்ந்தே இருக்கிறது.

ஒகினாவாக்காரர்களைக் கேட்டால் இந்த வியாபாரமே வேறு மாதிரி தெரியும். ஜப்பானின் மொத்த நிலப்பரப்பில் ஒகினாவா 0.6 சதவீதம். ஜப்பானில் அமெரிக்கப் படைகள் மட்டுமே பயன்படுத்தும் தள நிலத்தில் சுமார் 70 சதவீதம் அங்கேதான் இருக்கிறது, இன்றும். நூலையும் கயிற்றையும் பேசியவர்கள் டோக்கியோவிலும் வாஷிங்டனிலும் இருந்தார்கள். ஒகினாவாவுக்கு அந்த அறையில் நாற்காலி இல்லை.

ஒரு சொல்லுக்காக

ஒகினாவாவோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. கிழக்குச் சீனக் கடலில் ஆள் இல்லாத சில சின்னத் தீவுகள். ஜப்பான் சென்காகு என்கிறது, சீனா தியாவ்யூ என்று சொல்லி உரிமை கொண்டாடுகிறது.

5ஆவது பிரிவு 'ஜப்பானின் நிர்வாகத்தில் இருக்கும் பகுதிகள்' என்றுதான் சொல்கிறது, 'ஜப்பானுக்குச் சொந்தமான பகுதிகள்' என்று சொல்லவில்லை. அந்தத் தீவுகள் யாருக்குச் சொந்தம் என்பதில் அமெரிக்கா கருத்துச் சொல்வதில்லை. நிர்வாகம் ஜப்பானிடம் இருக்கிறது, எனவே 5ஆவது பிரிவு பொருந்தும் என்கிறது. வீடு யார் பெயரில் என்று கேட்காதே, குடியிருப்பவன் இவன், நான் இவனுக்குக் காவல் என்ற கதை. சீனாவையும் முழுசாகப் பகைக்காமல், ஜப்பானையும் கைவிடாமல் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது.

இதை ஒரு அமெரிக்க அதிபர் தன் வாயால் முதலில் சொன்னது 2014 ஏப்ரலில், ஒபாமா டோக்கியோ போனபோது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதிய அதிபரோடும் முதல் சந்திப்பில் ஜப்பானிய அதிகாரிகள் தேடுவது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். 'சென்காகு தீவுகளுக்கும் 5ஆவது பிரிவு பொருந்தும்.' பழைய வாசகம்தானே, எதற்குத் திரும்பத் திரும்ப என்று படிப்பவர்களுக்குத் தோன்றும். அது ஒரு முறை விடுபட்டுப் போனால் பெய்ஜிங்கில் எப்படிப் படிப்பார்கள் என்று யோசித்தால் புரியும். புதிதாக என்ன இருக்கிறது என்று மட்டும் தேடினால் கூட்டறிக்கை பாதிதான் புரியும். போன தடவை இருந்தது இந்தத் தடவையும் இருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சுத்தியல், மூங்கில் வாள், கரிசன பட்ஜெட்

எண்பதுகளில் சண்டை துணியிலிருந்து காருக்கும் சிப்புக்கும் போனது. 1981இல் அமெரிக்காவுக்கு வருஷத்துக்கு 16.8 லட்சம் கார்களுக்குமேல் அனுப்புவதில்லை என்று ஜப்பான் 'தானாக முன்வந்து' ஒப்புக்கொண்டது. அந்தத் 'தானாக' என்பதை மேற்கோளுக்குள் படிக்க வேண்டும். 1987இல் இன்னொன்று. தோஷிபாவின் துணை நிறுவனம் ஒன்று, நீர்மூழ்கிக் கப்பலின் சுழலிகளைச் சத்தமில்லாமல் ஓடும்படி செதுக்க உதவும் இயந்திரங்களைச் சோவியத் யூனியனுக்கு விற்றது அம்பலமானது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் கட்டடத்துக்கு வெளியே புல்வெளியில் ஒரு தோஷிபா ரேடியோவை வைத்துச் சுத்தியலால் உடைத்தார்கள், கேமரா முன்னால். இயந்திரம் விற்றது வியாபாரம், சத்தம் குறைந்தது பாதுகாப்பு. இரண்டையும் எந்த அறையில் பிரித்துப் பேசுவது?

1995 கார்ச் சண்டையில் ஜப்பானிய அமைச்சர் ஹஷிமோத்தோ ரியூதாரோ, அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி மிக்கி கான்டரிடம் கெண்டோ என்ற ஜப்பானிய வாள் பயிற்சிக்கான மூங்கில் வாள் ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, அதன் முனையைத் தன் கழுத்துக்கு நேராகப் பிடிக்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த ஜனவரியில் அவர் பிரதமர். பேச்சுவார்த்தை வெளிநாட்டோடு நடந்தாலும் பார்வையாளர்கள் உள்ளூரில்தான் இருக்கிறார்கள்.

காவலுக்கு ஆகும் செலவும் ஒரு தனிப் பேரம். 1978 முதல், ஒப்பந்தப்படி தர வேண்டியதற்கும் மேலே தளங்களின் செலவில் ஒரு பகுதியை ஜப்பான் ஏற்கிறது. அதற்கு ஜப்பானில் வழங்கும் பெயர் 'ஓமோயியாரி யோசான்', கரிசன பட்ஜெட் என்று சொல்லலாம். 2022இல் தொடங்கிய ஐந்தாண்டுக் கணக்குப்படி வருஷத்துக்குச் சராசரியாக 21,000 கோடி யென்னுக்குச் சற்று மேல். கரிசனம் கொஞ்சம் கனமானது.

காவல் கேட்பவன் கை எப்போதும் தாழ்ந்துதான் இருக்கும் என்று இதைப் படித்தால் தோன்றலாம். முழுக்க அப்படியும் இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே நிரந்தரமாக நிற்கும் ஒரே அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஜப்பானின் யோகோசுகாவில்தான் நிற்கிறது. அந்தத் துறைமுகம் இல்லாமல் ஆசியாவில் அமெரிக்கக் கடற்படை தடுமாறும். அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களை அதிகமாக வைத்திருக்கும் வெளிநாடும் ஜப்பான்தான், ஒரு லட்சம் கோடி டாலருக்குமேல். 2025 மே மாதம் ஜப்பானிய நிதியமைச்சர் கத்தோ, அதுவும் எங்கள் கையில் உள்ள ஒரு சீட்டுதான் என்று தொலைக்காட்சியில் சொன்னார். இரண்டு நாள் கழித்து, விற்கிற எண்ணம் இல்லை என்று விளக்கம் கொடுத்தார். இறக்கினால் இருவரும் நாசமாகும் சீட்டு அது. கையில் இருப்பதை எதிராளி பார்த்தால் போதும்.

மீண்டும் அந்த அட்டை

2025 ஏப்ரலில் டிரம்ப் உலகம் முழுக்க வரி அறிவித்தபோது ஜப்பானுக்கு 24 சதவீதம் என்றார். கார்களுக்குத் தனியாக 25 சதவீதம், ஏற்கெனவே இருந்த 2.5க்கு மேல். ஏப்ரல் 16 அன்று அகஸவா முதல் சுற்றுக்கு வாஷிங்டன் போய்ச் சேர்ந்தார். வரியைப் பற்றி மட்டும் பேசலாம் என்ற நினைப்பு. அன்று காலையிலேயே டிரம்ப், தானும் வருகிறேன், ராணுவ உதவிக்கு ஆகும் செலவையும் பேசுவோம் என்று சமூக வலைத்தளத்தில் பதிவு போட்டார். பாதுகாப்பு அமைச்சகத்து ஆளே இல்லாமல் போயிருந்த ஜப்பானியக் குழு எப்படி விழித்திருக்கும் என்று பாருங்கள். அன்று எடுத்த படத்தில் அகஸவா டிரம்பின் சிவப்புத் தொப்பியைத் தலையில் வைத்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறார். ஊரில் ஏச்சு வாங்கினார்.

எட்டாவது பயணத்தில் முடிந்தது. வரி 15 சதவீதம், கார்களுக்கும் அதே. பதிலுக்கு அந்த 55,000 கோடி டாலர். அரிசியிலும் கொஞ்சம். ஜப்பான் வருஷத்துக்கு சுமார் 7.7 லட்சம் டன் அரிசியை வரியில்லாமல் இறக்குமதி செய்துகொள்கிறது. அந்த அளவைக் கூட்டாமல், அதற்குள்ளேயே அமெரிக்காவின் பங்கை 75 சதவீதம் கூட்டிக் கொடுத்தது. அமெரிக்கா 'அரிசிச் சந்தையைத் திறந்தோம்' என்று சொல்லிக்கொள்ளலாம், ஜப்பான் 'எங்கள் விவசாயியிடமிருந்து ஒரு மணிகூடப் போகவில்லை' என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தத் துறையின் கைவேலை என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான்.

பெரிய தொகையிலும் அதே இரட்டை வாசிப்பு. லாபத்தில் 90 சதவீதம் எங்களுக்கு என்றது வெள்ளை மாளிகை. அந்தத் தொகையில் பெரும்பகுதி கடனும் கடன் உத்தரவாதமும்தான், நேரடியாகப் போடும் முதல் 1, 2 சதவீதம்தான் இருக்கும் என்றார் அகஸவா.

ஆனால் ஒரு விஷயத்தில் ஜப்பான் அஜாக்கிரதையாக இருந்துவிட்டது. ஜூலையில் இருவரும் கையெழுத்திட்ட ஒரு பொதுக் காகிதம் இல்லை. காகிதம் எழுத உட்கார்ந்தால் வரிக்குறைப்பு தள்ளிப்போகும், வாய்ப்பேச்சோடு முடிக்கலாம் என்பது கணக்கு. மாதக் கடைசியில் வாஷிங்டன் வெளியிட்ட உத்தரவைப் படித்தபோதுதான் வினை தெரிந்தது. பழைய வரியையும் சேர்த்து மொத்தம் 15 என்றுதான் ஜப்பான் புரிந்துகொண்டிருந்தது. உத்தரவோ பழைய வரிக்கு மேலே 15 என்றது. ஏற்கெனவே 26.4 சதவீதம் கட்டிக்கொண்டிருந்த ஜப்பானிய மாட்டிறைச்சிக்கு ஆகஸ்ட் 7 முதல் 41.4 சதவீதம் ஆனது. இதே உத்தரவில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும் 'பழையதையும் சேர்த்து 15' என்ற வாசகம் தெளிவாக இருந்தது.

அகஸவா மறுபடி விமானம் ஏறினார். தவறு நடந்துவிட்டது, திருத்துகிறோம் என்று அமெரிக்கத் தரப்பு சொன்னதாக ஊர் திரும்பிச் சொன்னார். எப்போது என்று எழுத்தில் எதுவும் இல்லை. கார் நிறுவனங்கள் அதுவரை 27.5 சதவீதத்தையே கட்டிக்கொண்டிருந்தன. செப்டம்பர் 4 அன்று, அமெரிக்க வர்த்தக அமைச்சர் ஹோவர்ட் லட்னிக்கோடு முதலீட்டுக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் அகஸவா கையெழுத்திட்டார். அதே நாள் டிரம்ப் திருத்திய உத்தரவில் கையெழுத்திட்டார். மாட்டிறைச்சிக்கு ஆகஸ்ட் 7ஆம் தேதியிலிருந்தே கணக்கிட்டுப் பழைய 26.4. கார்களுக்கு 15 சதவீதம் செப்டம்பர் 16 முதல்.